தளர்வான ஆடை ஐரோப்பாவுக்கு அந்நியமானதா?

 

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், பிரான்ஸ் நாட்டின் அன்றைய கல்வி அமைச்சர் கேப்ரியல் அத்தால், அரசுப் பள்ளிகளில் மாணவியர் அபாயா அணிந்து வருவதற்குத் தடை விதிக்கப்படும் என்று அறிவித்தார். செப்டம்பர் 4ஆம் நாள் பள்ளிகள் திறந்தபோது ஏறத்தாழ 300 மாணவியர் அபாயாவுடன் வந்தனர் என்றும், அதனைக் களைய மறுத்த 67 பேர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர் என்றும் அவரே பின்னர் தெரிவித்தார். அபாயா என்பது மார்க்கச் சின்னமன்று, ஒருவகை உடையே என்று பிரெஞ்சு முஸ்லிம் மன்றத்தார் எடுத்துரைத்தனர். அதனால் பயன் விளையவில்லை. சில நாள்களில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் தடையை நிறுத்தி வைக்க மறுத்துவிட்டது.

அபாயா என்பது என்ன? கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடலைத் தளர்வாக மூடும் ஓர் அங்கி. அதில் பிறையும் இல்லை, எழுத்தும் இல்லை. அவ்வாறாயின் குற்றமாகக் காணப்பட்டது எது? துணியின் நீளமும் தளர்ச்சியும், அதனை அணிந்திருப்பவள் இன்னாள் என்னும் அனுமானமுமே.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் நம் இல்லங்களில் இரு வகையான பேச்சுகள் எழுகின்றன. "ஐரோப்பியருக்கு இறுக்கமான உடைதான் பண்பாடு, அவர்கள் வேறு, நாம் வேறு" என்பது பெரியவர்களின் பேச்சு. "உலகம் முன்னேறியது இறுக்கமான உடையோடுதான், தளர்வான ஆடை பழைமையின் அடையாளம்" என்பது இளையோர் சிலரின் பேச்சு. இவ்விரு சாராரும் ஒன்றுக்கொன்று எதிரானவர்கள்போல் தோன்றினும், ஒரு செய்தியில் அந்த அமைச்சரோடு உடன்படுகிறார்கள். தளர்வான நீண்ட ஆடை ஐரோப்பாவுக்கு அந்நியமானது என்பதே அது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கால்சட்டை தடை செய்யப்பட்ட காலம்

ஐரோப்பா தன் முன்னோராகப் பெருமையுடன் சுட்டிக்காட்டும் ரோமானியரிடமிருந்தே தொடங்குவோம். ரோமானியக் குடிமகனின் மரியாதைக்குரிய உடை டோகா. ஏறத்தாழ அரைவட்ட வடிவில் அமைந்த பெரிய கம்பளித் துணியைத் தைக்காமலேயே தோளிலும் உடலிலும் சுற்றிக்கொள்வர். அதனை அணியாமல் எவரும் நகர மன்றத்தில் நிற்கலாகாது என்று பேரரசர் அகஸ்டஸ் ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியுள்ளார். மணமான பெண்மணியின் உடை ஸ்டோலா. அது பாதம் வரை தொங்கும். வெளியே செல்லும்போது அதன்மேல் பல்லா என்னும் போர்வையைச் சுற்றிக்கொள்வர். அந்த நீண்ட ஆடையை அணிவது அவளுக்குச் சிறுமையாகக் கருதப்படவில்லை. அவளது மதிப்பைப் பறைசாற்றும் உரிமையாகவே கருதப்பட்டது.

கால்சட்டையோ வடபுலத்து மக்களின் உடை என ரோமானியர் இகழ்ந்தனர். ஆயினும் காலப்போக்கில் படைவீரர் வழியாக அது ரோம் நகரினுள்ளும் நுழைந்தது. 397ஆம் ஆண்டளவில், பேரரசர் ஹொனோரியஸின் ஆட்சியில், ரோம் நகரினுள் கால்சட்டை அணிவதைத் தடுக்கும் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மீறுவோரின் சொத்து பறிக்கப்படும். அவர்கள் நாடு கடத்தப்படுவர். உடைக்கு எதிராகச் சட்டம் இயற்றுவது ஐரோப்பாவுக்குப் புதிதன்று என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஆனால் அன்று அந்நியமெனத் தடுக்கப்பட்டது கால்சட்டை. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கழித்து, அதே கண்டத்தில் அந்நியமெனத் தடுக்கப்படுவது நீண்ட அங்கி! உடை மாறவில்லை, அதனைப் பார்க்கும் கண்தான் மாறியிருக்கிறது.

கத்தரிக்கோலின் புரட்சி

ரோம் வீழ்ந்த பின்னரும் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியர் தளர்வான அங்கிகளையே அணிந்தனர். உழைப்போரின் அங்கி முழங்காலளவு குட்டையாக இருக்கும். செல்வரின் அங்கியும் பெண்களின் அங்கியும் நீண்டு தொங்கும். இதற்குக் கண்கூடான சான்றும் உண்டு. கிரீன்லாந்தின் தென்முனையில் நார்டிக் மக்கள் குடியேறி வாழ்ந்த ஹெர்யோல்ஸ்னெஸ் என்னும் இடத்துக் கல்லறைத் தோட்டத்தில், 1921ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு ஆய்வாளர் போல் நோர்லுண்ட் அகழ்வாய்வு நடத்தினார். உறைந்த மண்ணுக்குள்ளிருந்து நடுக்காலக் கம்பளி ஆடைகள் பல கிடைத்தன. உடலின் மேற்பகுதியில் ஓரளவு பொருந்தி, இடுப்புக்குக் கீழே முக்கோணத் துண்டுகள் பல சேர்க்கப்பட்டு, விரிந்து தொங்கும் வண்ணம் அவை தைக்கப்பட்டிருந்தன. கோபன்ஹேகனில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன.

பெரும் மாற்றம் வந்தது 1340ஆம் ஆண்டையொட்டித்தான். துணியை உடலின் வளைவுக்கேற்பத் துண்டுதுண்டாக வெட்டித் தைக்கும் கலை அப்போது வளர்ந்தது. பொத்தான்களின் வரிசை உடையை உடலோடு இறுக்கிப் பிடித்தது. ஆண்களின் மேலாடை தொடைக்கு மேலே ஏறியது. இதனைக் கண்ட பிரெஞ்சு வரலாற்றுக் குறிப்பாளர்கள் கொதித்தெழுந்தனர். 1346ஆம் ஆண்டு கிரெசி என்னும் இடத்தில் ஆங்கிலேயரிடம் பிரெஞ்சுப் படை தோற்றபோது, இந்த நாணமற்ற குறுகிய உடைக்கு இறைவன் அளித்த தண்டனையே அத்தோல்வி என்று பிரான்ஸின் அரச வரலாற்றுத் தொகுப்பிலேயே எழுதி வைத்தனர். போர்க்களத்தில் வென்றவை ஆங்கிலேயரின் நெடுவில்கள் என்பது வேறு. நாம் இங்கே கவனிக்க வேண்டியது, இறுக்கமான உடை ஐரோப்பாவில் பிறந்தபோது ஐரோப்பியரே அதனைப் புதுமை என்றும் தீமை என்றும் கருதினர் என்பதைத்தான்.

இறுக்கம் வந்ததும் தளர்ச்சி மறைந்துவிடவுமில்லை. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹூப்லாண்ட் என்னும் பெரும் அங்கி செல்வர்களிடையே பரவியது. அகன்ற கைகளும், தரையில் புரளும் மடிப்புகளும், உள்ளே மென்மயிர் உரோமமும் கொண்டது அது. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில், 1434ஆம் ஆண்டு யான் வான் ஐக் தீட்டிய அர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியம் உள்ளது. அப்பெண்மணி தம் பச்சை அங்கியின் மடிப்புகளைக் கையால் அள்ளிப் பிடித்து நிற்பதையும், தலையை வெண்துகிலால் மூடியிருப்பதையும் இன்றும் காணலாம். ஐரோப்பியக் கலையின் பெருமை என அவர்கள் போற்றும் ஓவியம் அது.

கண்ணியத்திற்குரிய இடங்களில் எல்லாம்

இன்னுமொன்றைச் சிந்தியுங்கள். இங்கிலாந்தில் 1222ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய திருச்சபை மன்றம், குருமார்கள் முன்புறம் மூடிய நீண்ட மேலங்கி அணிய வேண்டும் என்று விதித்தது. அக்காலத்தில் கல்வி பயின்றோரும் குருமார் வகுப்பைச் சேர்ந்தோரே. ஆகவே பல்கலைக்கழகத்து ஆசிரியரும் மாணவரும் அணிந்த அங்கி அந்த மரபிலிருந்தே வளர்ந்தது. இன்றும் ஐரோப்பாவில் பட்டம் பெறுவோர், நீதிபதிகள், பாதிரிமார், கன்னியாஸ்திரீகள் ஆகியோர் தளர்வான நீண்ட அங்கியையே அணிகின்றனர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நம் வழக்குரைஞர்கள் அணியும் கறுப்பு அங்கியும் அங்கிருந்து வந்ததே.

இதன் உட்பொருள் யாது? ஒரு மனிதரின் உடலை அன்றி, அவரது அறிவையும் பொறுப்பையும் பிறர் நோக்க வேண்டும் என்று ஐரோப்பா கருதிய இடங்களிலெல்லாம், உடலின் வடிவை மறைக்கும் அங்கியை அணிவித்தது. நீதிபதியின் தோள் அகலமா குறுகலா என்பது தீர்ப்புக்கு வேண்டாதது. ஆகவே அங்கி அதனை மறைக்கிறது. இந்த எளிய நியாயத்தையே ஒரு முஸ்லிம் பெண் தன் அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்க விரும்பினால், அது மட்டும் ஏன் புரியாத புதிராகிறது?

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். பட்டமளிப்பு அங்கி அரபுகளின் தோபிலிருந்து தோன்றியது என்று சமூக ஊடகங்களில் சிலர் பெருமையுடன் பகிர்கின்றனர். அதற்கு உறுதியான சான்று காட்டப்படவில்லை. சான்றில்லாத பெருமை நமக்குத் தேவையுமில்லை. உறுதியான வரலாறே போதிய அளவு இருக்கிறது. அவற்றுள் ஒன்று நம் கடற்கரையிலிருந்தே செல்கிறது.

சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற அங்கி

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானோடு வணிகம் செய்ய அனுமதி பெற்ற ஐரோப்பியர் டச்சுக்காரர் மட்டுமே. ஜப்பானிய ஆட்சியாளரைக் காணச் சென்ற டச்சு வணிகர்களுக்குப் பட்டு அங்கிகள் பரிசாக வழங்கப்பட்டன. பஞ்சு வைத்துத் தைத்த அந்தத் தளர்வான அங்கிகள் நெதர்லாந்துக்கு வந்தபோது, படித்தவர்களும் செல்வர்களும் அவற்றுக்காக ஏங்கினர். பரிசாக வந்தவை எத்தனை பேருக்குப் போதும்? ஆகவே டச்சுக் கம்பெனியார், தாங்கள் ஏற்கெனவே துணி வாங்கிவந்த சோழமண்டலக் கரையிலேயே சீட்டித் துணியில் அத்தகைய அங்கிகளைத் தைத்துப் பெற்றனர். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அன்று அவர்களது துறைகள். நம் கரையின் நெசவாளரும் சாயக்காரரும் கைத்திறன் காட்டிய துணி, ஆம்ஸ்டர்டாம் அறிஞரின் தோளில் ஏறியது.

டச்சு ஓவியர் வெர்மீர் 1668, 1669ஆம் ஆண்டுகளில் ஒரு வானியலாளரையும் ஒரு புவியியலாளரையும் தீட்டினார். இருவரும் அத்தகைய தளர்வான அங்கியில்தான் இருக்கின்றனர். லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்னும் கடற்படை அலுவலர், தையற்காரரின் மகன், 1661 ஜூலை முதல் நாள் 34 ஷில்லிங் கொடுத்து ஓர் இந்திய அங்கி வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அன்று அவர் வாங்கிய இழுப்பறைப் பெட்டியின் விலையே 33 ஷில்லிங்தான். 1666இல் தம் உருவப்படம் வரையப்பட்டபோது, அதற்கென வாடகைக்கு ஓர் இந்திய அங்கி பெற்று அணிந்துகொண்டார். தம்மைக் கற்றறிந்தவராகக் காட்ட அவருக்குத் தளர்வான அங்கி தேவைப்பட்டது. இறுக்கமான உடையை விடத் தளர்வான உடை சிந்தனைக்கு இடமளிக்கும் என்னும் கருத்து அடுத்த நூற்றாண்டு வரை மருத்துவர்களிடமும் நிலவியது.

இந்த அங்கியை ஆங்கிலேயர் 'பனியன்' என்றனர். குஜராத்தி வணிகர்களைக் குறித்த சொல், போர்ச்சுக்கீசியர் வாயிலாக ஆங்கிலத்தில் ஏறி, அவர்களை நினைவூட்டிய தளர்வான அங்கிக்குப் பெயராயிற்று. பின்னர் அதே சொல் தேய்ந்து தேய்ந்து உள்ளாடையைக் குறிக்கலாயிற்று. இன்று திருப்பூரில் உற்பத்தியாகி, உடலோடு ஒட்டிக்கிடக்கும் பனியனின் பெயர், ஒருகாலத்தில் ஐரோப்பிய அறிஞரின் விசாலமான அங்கிக்குரியதாக இருந்தது! ஒரு பெயரே இப்படித் தலைகீழாக மாறுமெனில், ஓர் உடையின் பொருள் எக்காலத்திற்கும் நிலையானது என்று எவ்வாறு கூற இயலும்?

தளர்ச்சியே குற்றமானபோது

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, தளர்வான ஆடையை ஐரோப்பா எப்போதும் மதித்தது என்று முடிவு செய்துவிடலாகாது. பெண்கள் அதனை அணிந்தபோது கதை வேறு.

திமிங்கில எலும்பு வைத்துத் தைத்த இறுக்குக் கச்சினுள் உடலை அடைத்துக்கொள்வதே பிரெஞ்சு அரசவைப் பெண்களுக்கு அன்று ஒழுக்கத்தின் அடையாளமாக இருந்தது. கச்சு அணியாதவள், அல்லது அதனை மறைக்கும் தளர்வான அங்கி அணிந்தவள், ஐயத்துக்குரியவள். பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில் மோந்தெஸ்பான் சீமாட்டி தளர்வான அங்கி அணிந்தபோது, கருவுற்றிருப்பதை மறைக்கவே அவ்வாறு அணிகிறார் என்று அரண்மனை முழுதும் முணுமுணுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோளிலிருந்து மடிப்புகளாக விழும் விரிந்த அங்கி பாரிஸில் பரவியது. மன்னரின் தம்பி மனைவியான எலிசபெத் ஷார்லோட் அதனைச் சிறிதும் சகிக்கவில்லை. படுக்கையிலிருந்து அப்படியே எழுந்து வந்தது போன்ற தோற்றம் என்று வெறுத்து எழுதினார்.

இதனினும் புகழ்பெற்றது 1783ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. அரசி மரி அந்துவானெத், எளிய வெண்மஸ்லின் அங்கியில் இருப்பதுபோல் ஓவியர் விஜே லெப்ரன் அம்மையார் தீட்டிய படம், பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. உள்ளாடையில் அரசி நிற்கிறார் என்று மக்கள் கொதித்தனர். லியோன் நகரப் பட்டு நெசவை அழிக்க அயல்நாட்டு மஸ்லினை அணிகிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. படம் அகற்றப்பட்டு, பட்டாடையில் அரசி இருக்கும் வேறொரு படம் அங்கே வைக்கப்பட்டது. மஸ்லின் என்னும் பெயர் இராக்கின் மோசுல் நகரிலிருந்து வந்ததென்பர். அத்துணியின் உச்சப் புகழோ வங்காளத்து டாக்காவுக்குரியது.

அரண்மனையில் தளர்வான அங்கி ஒழுக்கக்கேடு எனப்பட்டது. இன்றைய பள்ளி வாயிலில் தளர்வான அங்கி மதவெறி எனப்படுகிறது. இரு குற்றச்சாட்டுகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஆனால் இரண்டிற்கும் வேர் ஒன்றே: 'இவள் எதையோ மறைக்கிறாள்' என்னும் ஐயம்.

கூண்டில் இருந்தவர் யார்?

1717ஆம் ஆண்டு, உஸ்மானியப் பேரரசுக்கான ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மாண்டேகு சீமாட்டி, கணவரோடு இஸ்தான்புல் நோக்கிப் பயணம் செய்கையில், சோஃபியா நகரில் பெண்களுக்கான ஹம்மாம் ஒன்றுக்குச் சென்றார். அங்கிருந்த துருக்கியப் பெண்கள் அவரை அன்போடு வரவேற்று, உடை மாற்றிக்கொள்ள அழைத்தனர். அவர் தம் மேலாடையைச் சற்று விலக்கி, உள்ளே இருந்த இறுக்குக் கச்சைக் காட்டினார். அதனைக் கண்ட அப்பெண்கள், இவருடைய கணவர் இவரை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார் என்றும், அதனைத் திறக்க இவரால் இயலாது என்றும் எண்ணினர். இதனை அவரே தம் கடிதத்தில் எழுதினார். முகம் மறைத்து வெளியே செல்லும் உஸ்மானியப் பெண்களைத் தெருவில் எவரும் அடையாளம் காண இயலாமையால், அவர்களுக்கு இங்கிலாந்துப் பெண்களை விடவும் கூடுதல் சுதந்திரம் இருப்பதாகவும் அவர் கருதினார். பின்னர் தாமும் துருக்கிய உடையை விரும்பி அணிந்தார். அவர் கூறிய அனைத்தும் சரியென நாம் வாதிடவில்லை. ஒரு சீமாட்டியின் கண்ணுக்குப் பட்டது அவ்வளவுதான். ஆயினும் பெண்ணை அடைத்து வைத்திருப்பது எந்த உடை என்னும் கேள்விக்கு இரு விடைகள் உண்டு என்பதை அக்கடிதம் காட்டுகிறது.

இறுக்கத்தின் கேட்டை ஐரோப்பியரே உணர்ந்தனர். ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் சோமரிங் 1788இல் இறுக்குக் கச்சின் தீங்குகளை விளக்கி எழுதினார். ஆயினும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் பெண்கள் கச்சையும் அடுக்கடுக்கான உட்பாவாடைகளையும் சுமந்துகொண்டிருந்தனர். 1881இல் லண்டனில் தோன்றிய பகுத்தறிவு உடைச் சங்கம், பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டைத் தாண்டலாகாது என்று கோரியது. அதாவது மூன்று கிலோவுக்கும் சற்று அதிகம். அதுவே சீர்திருத்தம் எனில், அதற்கு முன்பு சுமந்த சுமையை எண்ணிப் பாருங்கள்.

அச்சங்கத்தின் தலைவியான ஹார்பர்ட்டன் சீமாட்டி, 1898இல் தளர்வான கால்சட்டை அணிந்து மிதிவண்டியில் சென்று, சர்ரே மாவட்டத்தின் ஓக்கம் என்னும் ஊரில் ஒரு விடுதியில் உணவு கேட்டார். அவ்வுடையோடு உணவறைக்குள் வரலாகாது என்று கூறிய விடுதிக்காரப் பெண்மணி, மதுக்கூடத்தை ஒட்டிய அறைக்குச் செல்லுமாறு காட்டினார். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1899இல் நடுவர் குழு விடுதிக்காரப் பெண்மணியைக் குற்றமற்றவர் என விடுவித்தது. உடைக்காக வாயிலில் நிறுத்தப்பட்ட பெண், நீதிமன்றத்திலும் நியாயம் பெறவில்லை. பிரெஞ்சுப் பள்ளி வாயிலில் நின்ற அந்த 67 மாணவியருக்கு இந்தச் சீமாட்டியின் வரலாறு அந்நியமானதாகத் தோன்றியிருக்காது.

பின்னர் 1911 ஜூன் மாதம், பாரிஸின் புகழ்பெற்ற உடை வடிவமைப்பாளர் போல் புவாரே, அரபுக் கதைகளை நினைவூட்டும் வகையில் 'ஆயிரத்து இரண்டாம் இரவு' என்னும் விருந்து நடத்தினார். பெண்களைக் கச்சிலிருந்து விடுவித்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். கிழக்கு நாடுகளின் தளர்வான உடைகளைப் பார்த்து விரிந்த கால்சட்டைகளையும் அங்கிகளையும் உருவாக்கினார். அவ்விருந்தில் தாம் சுல்தானாக வேடமிட்டு, தம் மனைவியைப் பொற்கூண்டினுள் அமர்த்தினார்! 1717இல் துருக்கியப் பெண்கள் ஐரோப்பியப் பெண்ணின் உடலில் ஒரு பெட்டியைக் கண்டனர். 1911இல் ஐரோப்பிய ஆண் ஒருவர் கூண்டு ஒன்றைச் செய்து, அதற்குக் கிழக்கின் பெயரைச் சூட்டினார். கணுக்காலருகே குறுகி, நடையையே தடுக்கும் பாவாடையை அதே காலத்தில் பரப்பியவரும் அவரே. மார்பை விடுவித்தவர் காலைக் கட்டினார். இதனை அவர் ஒரு சாதனையாகவே கூறிக்கொண்டார்.

நாம் பெற வேண்டிய பாடம்

இவ்வளவையும் நாம் எடுத்துரைத்தது ஐரோப்பாவை ஏளனம் செய்வதற்காக அன்று. மத்ரஸாவில் பயிலும் மாணவியர், "உஸ்தாத், எங்கள் உடையை ஏன் பிற்போக்கு என்கிறார்கள்?" என்று வினவும்போது, நாம் சினத்தையோ வெற்றுப் பெருமையையோ விடையாகத் தருவது முறையன்று. அறிவை விடையாகத் தர வேண்டும். தளர்வான ஆடை எந்த ஒரு சமுதாயத்தின் தனியுடைமையும் அன்று. எந்தக் கண்டத்துக்கும் அந்நியமும் அன்று. இறுக்கம் முன்னேற்றத்தின் அளவுகோலும் அன்று. உடலை இறுக்கிய நூற்றாண்டுகளில்தான் ஐரோப்பியப் பெண்கள் மூச்சுவிட இடம் கேட்டுப் போராடினர்.

அதே நேரத்தில், வரலாறு நம்மையும் எச்சரிக்கிறது. துணியின் அகலம் மட்டுமே நாணமாகிவிடாது. ஹூப்லாண்ட் அங்கி தளர்வானதுதான். ஆனால் அது செல்வத்தைப் பறைசாற்றவே தரையில் புரண்டது. இன்று நம் கடைவீதிகளிலும் கல் பதித்து, விலையைப் பறைசாற்றும் அபாயாக்கள் தொங்குகின்றன. அல்அஃராஃப் அத்தியாயத்தில், உடலை மறைக்கவும் அழகூட்டவும் ஆடை அருளப்பட்டதைக் கூறிய இறைவன், அதனைத் தொடர்ந்து இறையச்சம் என்னும் ஆடையை மேலானதாகக் குறிப்பிடுவதை நாம் மறக்கலாகாது.

மற்றொன்று இன்னும் முக்கியமானது. அந்நூர் அத்தியாயத்தில், பெண்ணின் ஆடை பற்றிய கட்டளைக்கு முன்பே பார்வையைத் தாழ்த்தும் கட்டளை வருகிறது. அதுவும் ஆண்களுக்கே முதலில் கூறப்படுகிறது. அல்ஹுஜுராத் அத்தியாயம் வீண் ஐயத்தையும் பிறர் குறையைத் துருவுவதையும் தடுக்கிறது. மோந்தெஸ்பான் சீமாட்டியின் அங்கியை அரண்மனையினர் துருவியதும், மாணவியின் அங்கியை அதிகாரி துருவுவதும் இத்தடைக்கு எதிரானவையே. அவ்வாறே, திருமண வீட்டில் ஒரு பெண்ணின் புர்கா அகலமா குறுகலா என்று நம்மவர்கள் முணுமுணுப்பதும், சுரிதார் அணிந்த மருமகளின் ஈமானை அளப்பதும் இத்தடைக்கு எதிரானவையே. பிறர் நம் பிள்ளைகள்மீது வீசும் ஐயத்தைக் கண்டிக்கும் நாம், நம் இல்லங்களில் அதே ஐயத்தை வளர்க்கலாமா?

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. பெருநாளுக்கு மகளுக்குத் துணி எடுக்கும்போது, "இதுதான் நமக்குச் சட்டம்" என்று மட்டும் கூறி முடிக்காதீர்கள். ஏன் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அமரவும் எழவும் ஓடவும் தொழவும் வசதியானதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். மகனுக்கும் அதே கடையில் இறுக்கமான கால்சட்டை எடுக்கும்போது அதே கேள்வியைக் கேளுங்கள். தளர்வு பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. நாளை கல்லூரியில் ஒருவர் "இந்த உடை எங்கிருந்து வந்தது?" என்று ஏளனமாகக் கேட்டால், ரோமானிய ஸ்டோலாவையும், வெர்மீரின் வானியலாளரையும், நாகப்பட்டினத்துச் சீட்டியையும் கூறி அமைதியாக விடையளிக்க அவளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

அல்லாஹ் நம் ஆடைகளில் கண்ணியத்தையும், நம் பார்வையில் தூய்மையையும், நம் உள்ளங்களில் இறையச்சத்தையும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.